செஞ்சிக்கோட்டை ஏற எந்தக் கேமரா?

"எது நல்ல கேமரா?"ன்னு மொட்டையா கேட்டா பதிலே கிடையாது. எதை எடுக்கப் போறோம், எங்கே நின்னு எடுக்கப் போறோம், எடுத்து என்ன பண்ணப் போறோம், இந்த மூணும் தெரிஞ்சாத்தான் பதில் வரும். கடையில மெகாபிக்சல் கணக்கு சொல்லுவாங்க. ராஜகிரி மேல ஏறிப் பாத்தா வேற கணக்கு தெரியும் :-)

இப்ப எதுக்கு இந்தப் பேச்சுன்னா, செஞ்சியில இருக்கற சித்தப்பா பையன் 70,000 ரூபாய்க்கு தவணையில கேமரா வாங்கறேன்னு ஒத்தைக்கால்ல நிக்கறான். காரணம் கேட்டேன். "அம்மாவுக்கு முட்டி தேஞ்சு போச்சுண்ணா. கமலக்கண்ணி அம்மன் கோயிலுக்கு இனிமே ஏற முடியாது. மேல இருக்கறதை எல்லாம் பெரிய படமா போட்டு வீட்ல மாட்டணும்"னான். நல்ல காரணம்தான். ஆனா அதுக்குக் கடன் வேணுமா?

முதல்ல போன். அடிவாரத்துல இருக்கற கல்யாண மகால் மாதிரி உயரமான கட்டடத்தை கிட்ட நின்னு எடுக்க, போன்ல இருக்கற அல்ட்ராவைடு லென்ஸே போதும். வெயில்ல கல்லும் வானமும் அருமையா வரும். சுமக்கற வேலையும் இல்ல. சுமார் 800 அடி ஏறணும், ஞாபகம் இருக்கட்டும்.

போன் தடுமாறற இடம் ரெண்டு. ஒண்ணு தூரம். ராஜகிரி உச்சியில நின்னா, திருவண்ணாமலை ரோட்டுக்கு அந்தப் பக்கம் கிருஷ்ணகிரி தெரியும். அதுமேல இருக்கற குவிமாட மண்டபத்தை சாதாரண போன்ல இழுத்து எடுத்தா பிசுபிசுன்னு வரும். டிஜிட்டல் ஜூம்ங்கறது படத்தை வெட்டிப் பெருசாக்கறதுதான். ரெண்டாவது இருட்டு, அதாவது நெற்களஞ்சியத்துக்கு உள்ளே. போனோட நைட் மோடு பல படங்களை அடுக்கி ஒண்ணாக்குது. சுவர் அசையாது, அதனால சரியா வரும். குறுக்கே ஓடற குழந்தை பேய் மாதிரி வரும்.

தூரத்துக்கு இருக்கறது பிரிட்ஜ் கேமரா. 2018ல வந்த நிக்கான் பி1000 மாடல்ல 125 மடங்கு ஆப்டிகல் ஜூம். ஆனா எடை கிட்டத்தட்ட ஒன்றரை கிலோ. வெளியே அவ்வளவு பெரிய லென்ஸ், உள்ளே சென்சார் சுமார் 6 மி.மீ. அகலம்தான். இப்போ வர்ற நல்ல போன்கள்லயே அதைவிடப் பெரிய சென்சார் இருக்கு. அதனால களஞ்சியத்துக்குள்ள பெருசா உதவாது. இன்னொண்ணு, உச்சி வெயில்ல பாறை சூடாகி காத்து அலையடிக்கும். அப்ப எவ்வளவு ஜூம் இருந்தும் பிரயோஜனமில்ல. காலையிலயே போயிடணும்.

இருட்டுக்கு டிஎஸ்எல்ஆர் அல்லது மிரர்லெஸ். ரெண்டுத்துக்கும் படத்தோட தரத்துல பெரிய வித்தியாசமில்ல. முன்னதுல கண்ணாடி வழியா பாக்கறோம், பின்னதுல கண்ணாடியே கிடையாது, சென்சார் பாக்கறதைத் திரையில பாக்கறோம். ஏபிஎஸ்-சி சென்சார் சுமார் 23.5 x 15.6 மி.மீ. பிரிட்ஜ் கேமரா சென்சாரைவிட பரப்பளவுல 13 மடங்கு. வெளிச்சத்தை அள்ளறது அந்தப் பரப்புதான். ஆனா தூரத்துக்கு தனியா ஒரு டெலி லென்ஸ் வாங்கணும், சுமக்கணும்.

சரி, சுவத்துல மாட்ட எவ்வளவு மெகாபிக்சல் வேணும்? 12 இருந்தா 4000 x 3000 புள்ளிகள். அங்குலத்துக்கு 200 புள்ளின்னு வெச்சா 20 x 15 அங்குலப் படம். தள்ளி நின்னு பாக்கற படத்துக்கு தாராளம். அது அவன் போன்லயே இருக்கு.

அதனால நான் சொன்னது இதுதான்: "மொதல்ல போனோட ஏறுடா. கிருஷ்ணகிரிக்கும் களஞ்சியத்துக்கும் மட்டும் தெரிஞ்ச ஸ்டுடியோவுல ஒரு நாள் வாடகைக்கு கேமராவும் டெலி லென்ஸும் எடு. அப்புறமும் ஆசை விடலைன்னா பழைய டிஎஸ்எல்ஆர் பாக்கலாம். ஷட்டர் எத்தனை தடவை ஓடியிருக்கு, லென்ஸ்ல பூஞ்சை இருக்கான்னு பாத்து வாங்கு."

2025 ஜூலையில யுனெஸ்கோ மராட்டிய ராணுவ நிலப்பரப்புன்னு 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சாங்க. அதுல தமிழ்நாட்டுல இருந்து செஞ்சி மட்டும்தான். அதுக்கப்புறம் எவ்வளவோ பேர் எவ்வளவோ கேமராவோட ஏறறாங்க. பெரும்பாலான படம் போன்லயே தூங்கும். பிரிண்ட் போடறேன்னு சொல்றானே, அதுதான் எனக்குப் பிடிச்சது. சித்தி சென்சார் சைஸ் எல்லாம் கேக்கப் போறதில்ல. "இதுல அம்மன் கோயில் எங்கடா தெரியுது?"ன்னுதான் கேப்பாங்க.