ஒரு பகலில் நான்கு நூற்றாண்டுகள்

பிரயாணம் என்றதும் நம்மவர்க்கு முதலில் நினைவுக்கு வருவன தூரத்து இடங்களே. பள்ளி விடுமுறை தொடங்கு முன்னரே நுவரெலியாவின் குளிரும் சிகிரியாவின் குன்றும் திருகோணமலையின் கோணேசர் கோயிலும் வீட்டுப் பேச்சில் இடம்பெற்றுவிடும். அவை யாவும் காணத்தக்கனவே, ஐயமில்லை. ஆயினும் காலையிற் புறப்பட்டு விளக்கு வைக்கும் வேளைக்குள் வீடு திரும்பக்கூடிய தொலைவில், நம் வேலிகளுக்கு அப்பால், சரித்திரம் எவ்வளவு பரந்து கிடக்கின்றது என்பதை நம்முட் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கட்டுச்சோறும் தண்ணீர்ப் போத்தலும் ஒரு குறிப்புப் புத்தகமும் இருந்தாற் போதும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஒரு பகற்பொழுதில் நான்கு நூற்றாண்டுகளைக் கடந்து வரலாம்.

அண்மையில் ஒரு சனிக்கிழமை அத்தகைய பயணம் ஒன்றை மேற்கொண்டேன். உடன் வந்தவள் ஒன்பதாந் தரத்திற் பயிலும் என் பேத்தி. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்ற மூன்று பெயர்களையும் அவற்றுக்குரிய ஆண்டுகளையும் மனனஞ் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடும் பருவத்தினள். அயலிலுள்ள முச்சக்கர வண்டிக்காரத் தம்பியை நாள் வாடகைக்கு அமர்த்திக்கொண்டோம்.

முதலிற் கோட்டைக்குச் சென்றோம். 1619ஆம் ஆண்டில் சங்கிலி குமாரனை வென்று யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், நல்லூரிலிருந்த தலைநகரை இக் கடலோரத்துக்கு மாற்றினர். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் அவர்களால் இடிக்கப்பட்டது. 1658இல் ஒல்லாந்தர் கோட்டையை முற்றுகையிட்டுப் பிடித்தனர். பழையதை மாற்றி, ஐந்து கொத்தளங்களையுடைய ஐங்கோணக் கோட்டையாகக் கட்டினர். அத்துணை உறுதியாகக் கட்டிய கோட்டையை 1795இல் போரின்றியே ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தனர் என்பது ஒரு வேடிக்கை.

கோட்டைக்குள்ளே சிலுவை வடிவில் அமைந்த தேவாலயம் ஒன்று இருந்தது. 1706ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கட்டியது. அவர்கள் கத்தோலிக்க சமயத்தை வெறுத்தவர்கள். ஆனால், போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற மணியை அவர்கள் வெறுக்கவில்லை. அற்புத மாதாவின் பெயரும் 1648 என்ற ஆண்டும் பொறித்த அந்த மணியே ஒல்லாந்தரையும் வழிபாட்டுக்கு அழைத்தது. இருநூற்று எண்பத்து நான்கு ஆண்டுகள் நின்ற அத் தேவாலயம் 1990ஆம் ஆண்டு கோட்டையைச் சுற்றி நடந்த போரில் அழிந்தது. 2009இல் போர் முடிந்தபின், நெதர்லாந்து அரசின் உதவியோடு மதில்கள் திருத்தப்பட்டன. தேவாலயம் நின்ற இடத்தில் இன்று எஞ்சியிருப்பது இடிபாடே.

அந்த இடிபாட்டிற் கிடந்த ஒரு முருகைக்கல்லை என் பேத்தி குனிந்து பார்த்தாள். தேனடை போன்ற நுண்ணிய கண்களும் பூவிதழ் போன்ற வரிகளும் அதில் இருந்தன. கடலில் உயிரோடு வளர்ந்த கல் அது என்று சொன்னபோது வியந்தாள். சற்று நேரத்தில் நிமிர்ந்து, நான் எதிர்பாராத ஒரு கேள்வியைக் கேட்டாள்.

"அப்பப்பா, எங்கட கோயிலை இடிச்சு எங்களை ஆண்டவங்கட கோயிலை நாங்கள் ஏன் வந்து பாக்க வேணும்?"

நியாயமான கேள்வி. பெரியவர்களும் கேட்கிறார்கள், சிலர் வாய்விட்டு, சிலர் மனத்துக்குள். "பின்னேரம் சொல்லுறன், பிள்ளை" என்று கூறி வண்டியில் ஏற்றினேன். கேள்வியைத் தட்டிக்கழிப்பது என் நோக்கமன்று. பார்க்க வேண்டியவற்றைப் பார்த்தபின் அவளே விடை காணட்டும் என்று எண்ணினேன்.

வழியில் அவளுக்கு ஒன்று மட்டும் சொன்னேன். தேவாலயம் எழுந்த மறு ஆண்டு, 1707இல், கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி, யாழ்ப்பாணத்தாரின் முதுசம், சீதனம், காணி ஆகியவை பற்றிய வழக்காறுகளைத் திரட்டி எழுதுவித்தார். தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு, பன்னிரண்டு முதலியார்களாற் பார்வையிடப்பட்ட அந்தத் தொகுப்பே தேசவழமை. வடபகுதித் தமிழரின் காணி உறுதிகளில் அதன் ஆட்சி இன்றும் நடக்கின்றது. ஓராண்டு இடைவெளியிற் பிறந்த இரண்டினுள் கல்லாலானது போயிற்று. ஏட்டில் எழுதியது நிற்கின்றது.

கல்லுண்டாய் வெளியைக் கடந்து, அராலி வழியாக வட்டுக்கோட்டையை அடைந்தோம். இங்குள்ள தேவாலயத்தின் கதை வேறு. போர்த்துக்கேயர் காலத்தில் கோவிலிருந்த இடம் இது. பின்னர் ஒல்லாந்தர் கைக்கு வந்தது. ஒல்லாந்தரோடு முதன்முதல் வந்த போதகருள் ஒருவரான பிலிப்பஸ் பால்டேயஸ் 1658 முதல் 1665 வரை யாழ்ப்பாணத்திற் பணிபுரிந்தார். 1672இல் அம்ஸ்ரடாம் நகரில் வெளியான அவருடைய நூலில், வட்டுக்கோட்டை, சங்கானை முதலிய ஊர்க் கோவில்களின் சித்திரங்களைக் காணலாம். தமிழ் எழுத்துக்களையும் அந்நூல் ஐரோப்பியருக்கு அறிமுகஞ் செய்தது.

அக்காலத்தில் இக் கோவில்கள் பள்ளிக்கூடங்களாகவும் விளங்கின. ஞானஸ்நானமும் விவாகமும் பள்ளித் தோம்பு என்னும் பதிவேட்டில் எழுதப்பட்டன. விவாகம் சட்டப்படி செல்லவும் உத்தியோகம் பெறவும் அப்பதிவு வேண்டியிருந்தது. ஆதலால், கோவிலிலே பெயர் பதிந்துவிட்டு வீட்டிலே திருநீறு தரித்த நம் முன்னோர் பலர். அவர்களுடைய இரட்டை வாழ்வின் வேதனைக்கும் சாதுரியத்துக்கும் இச் சுவர்கள் சாட்சி.

ஒல்லாந்தர் போனபின் வட்டுக்கோட்டைக் கோவில் கவனிப்பாரின்றிச் சிதைந்தது. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார், அரசாங்கத்திடம் பெற்று அதனைத் திருத்தினர். அதனருகே 1823இல் அவர்கள் தொடங்கிய செமினரி 1855இல் மூடப்பட்டது. 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது. அந்தச் செமினரியிற் பயின்றவருள் ஒருவர் சிறுப்பிட்டியைச் சேர்ந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரான அவரே, செல்லரித்த ஏடுகளைத் தேடி, 1887இல் கலித்தொகையை அச்சிட்டவர். அந்நியர் கட்டி அந்நியர் திருத்திய கோவிலின் அயலிற் படித்த பிள்ளை, நம் சங்க நூலொன்றை நமக்கு மீட்டுத் தந்தார்.

இன்று அக் கோவில் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துப் பேராலயம். தடித்த சுவர்களைத் தடவிப் பார்த்த பேத்தி, "இது மட்டும் எப்படி விழாமல் நிக்குது?" என்றாள். "ஆரோ ஒருவர் திரும்பத் திரும்பக் கூரை போட்டதால்" என்றேன். மழை சுவருக்குள் இறங்காதவரை முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் நூற்றாண்டுகளைத் தாங்கும். கூரை போனால், சில மாரிகளிற் சாந்து கரையும். வெடிப்பில் ஆலும் அரசும் வேர்விடும். பின்னர் அந்த வேரே சுவரைப் பிளக்கும். பழைய கட்டடங்கள் பீரங்கியால் அழிவதைக் காட்டிலும் ஓடு மாற்றாமையால் அழிவதே மிகுதி.

மரநிழலிற் கட்டுச்சோற்றை அவிழ்த்து உண்டபின், பொன்னாலைப் பாலத்தைக் கடந்து காரைநகர்க் கரைக்குச் சென்றோம். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலின் நடுவிற் சிறு கோட்டையொன்று தெரிகின்றது. போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் திருத்திய கடற்கோட்டை அது. ஒல்லாந்தர் இதற்கு இட்ட பெயர் ஹமன்ஹீல். இலங்கைத் தீவு அவர்கள் கண்ணுக்கு உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடை போலத் தோன்றிற்றாம். அந்தத் தொடையின் குதிக்கால் இக் கோட்டையாம்! பேத்தி குறிப்புப் புத்தகத்தில் இலங்கைப் படத்தை வரைந்து, தலைகீழாகத் திருப்பிப் பார்த்து, விழுந்து விழுந்து சிரித்தாள். நாம் முத்தென்றும் மாங்கனியென்றும் போற்றும் நாட்டைப் பசியோடு வந்தவன் எவ்வாறு கண்டான் என்பதை, எந்தப் பாடப் புத்தகத்தினும் தெளிவாக அந்தப் பெயர் அவளுக்கு உணர்த்தியது.

வெயில் தாழும் வேளையிற் சங்கானைக்குத் திரும்பினோம். அங்கே ஒல்லாந்தர் காலத்துக் கோவிலொன்றின் இடிபாடு கூரையின்றி நிற்கின்றது. பால்டேயஸின் சித்திரத்தில் நாம் காணும் ஊர்க்கோவிலின் வழிவந்த எச்சம். வட்டுக்கோட்டையிற் போல இங்கே கூரை போட எவரும் வரவில்லை. சுவர்களும் வளைவும் வானமுமே மிச்சம். சாந்து உதிர்ந்த இடங்களில் முருகைக்கல் வெளியே தெரிகின்றது. பேத்தி சுவரின் தடிப்பை முழத்தால் அளந்து எழுதிக்கொண்டாள்.

அருகே ஆட்டைக் கட்டிக்கொண்டு நின்ற ஒரு மூதாட்டி எங்களை உற்று நோக்கினார். நெற்றியில் நீறு. "என்ன பிள்ளை எழுதுறாய்?" என்று விசாரித்தார். விளக்கம் கேட்டபின், பெடியள் சுவரில் ஏறிக் கல்லைப் பெயர்த்தால் தாம் ஏசிக் கலைப்பதாகச் சொன்னார். பேத்தி சற்றுத் தயங்கி, "நீங்கள் சைவமெல்லோ அம்மா? இது வேதக்கோயில்தானே?" என்றாள்.

"ஆற்றை கோயிலா இருந்தாலென்ன, எங்கட ஊரிலெல்லோ நிக்குது" என்றார் அவர். சொல்லிவிட்டு ஆட்டை அவிழ்த்துக்கொண்டு நடந்தார்.

கோட்டையில் என்னிடம் கேட்ட கேள்விக்கு அதைவிடச் சிறந்த விடையை என்னால் சொல்லியிருக்க முடியாது. திரும்பும் வழியில் அவளே அதை விரித்துப் பேசத் தொடங்கினாள். கல் எங்கள் கடற்கரைக் கல்; அதை வெட்டினவர்கள், சுண்ணாம்பு சுட்டவர்கள், சுமந்தவர்கள் எல்லாரும் எங்கள் ஆட்கள்தானே என்றாள். ஆம், ஒல்லாந்தர் ஆட்சியில் ஊழியம் என்ற பெயரிற் கூலியின்றி உழைத்தோர் நம் ஊரவரே. கட்டச் சொன்னவனுடைய பெயர் கல்வெட்டில் இருக்கலாம். கட்டியவனுக்கு அந்தச் சுவரைத் தவிர வேறு ஞாபகச் சின்னம் இல்லை. சுவர் விழுந்தால் அவனும் மறைந்துவிடுவான்.

அந்நியர் செய்த கொடுமையை மறக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. 1621இல் நல்லூரில் நடந்ததை மறைத்துக் கோட்டையின் அழகை மட்டும் பிள்ளைகளுக்குக் காட்டுவது பாதிச் சரித்திரம். ஆனால், பழைய கோவிலொன்று ஒழுங்கையோரத்தில் உருக்குலையும்போது, அது வேறொருவருடையது என்று முகந் திருப்பிக்கொள்வதும் பாதிச் சரித்திரமே. நம் சமயத்தினதல்லாத சின்னத்தைக் காத்துநிற்கப் பழகியவர், தமக்குரியதையும் பிறர் காக்க வேண்டுமென்று கேட்கும் உரிமையைப் பெறுகிறார்.

ஆகவே, பெற்றோர்க்கும் மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறை நாளில் உங்கள் ஊரிலிருந்து பத்து மைல் சுற்றளவை ஒரு தாளில் வரையுங்கள். அதற்குள் அடங்கும் பழைய கோயில், தேவாலயம், பள்ளிவாசல், கேணி, மடம், சுமைதாங்கி ஆகியவற்றைக் குறியுங்கள். ஒன்றையேனும் நேரிற் சென்று பாருங்கள். எந்தக் கல், எவர் கட்டியது, பின் எவர் பயன்படுத்தினர், இன்று கூரை உண்டா என்ற நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். அயலில் வாழும் முதியவரோடு இரண்டு வார்த்தை பேசுங்கள். ஒரு படம் எடுத்து, ஆண்டும் மாதமும் குறித்து வையுங்கள். அடுத்த மாரிக்குப்பின் மீண்டும் சென்று, எது குறைந்திருக்கின்றது என்று ஒப்பிடுங்கள்.

என் பேத்தியின் குறிப்புப் புத்தகத்தில் இப்போது மூன்று பக்கங்கள் நிறைந்துள்ளன. அடுத்ததற்குப் பூநகரிக் கோட்டை என்று தலைப்பிட்டு வைத்திருக்கின்றாள். மழைக்கு முன் போக வேண்டுமாம்.