வெலிங்டனில் ரெண்டு கேட்!

ஊட்டிக்கு காலேஜ் டூர் போயிருப்பீங்க. குன்னூர்ல மலை ரயில் நின்னதும் கும்பலா இறங்கி டீ, வர்க்கி, போட்டோன்னு எல்லாத்தையும் முடிச்சுட்டு மறுபடி ஏறி உட்கார்ந்திருப்பீங்க. அதுக்கு அடுத்த ஸ்டேஷன் பேர் ஞாபகம் இருக்கா? சான்ஸே இல்ல. அந்த நேரம் அந்தாக்‌ஷரி சூடு பிடிச்சிருக்கும்!

அந்த ஸ்டேஷன் பேர் வெலிங்டன். அடுத்த தடவை அங்கே இறங்கிப் பாருங்க. நாங்க ரெண்டு பேர் இறங்கினோம். நானும், என் சித்தி பையனும். பிளஸ் டூ முடிச்சிருக்கான். வயசு 17 வருஷம் 8 மாசம். (இந்த மாசக் கணக்கு முக்கியம், பின்னாடி சொல்றேன்.) மிலிட்டரிக்குப் போறதுன்னு முடிவு பண்ணிட்டான். எந்த வழியா போறதுங்கிறதுதான் பிரச்னை. அக்னிவீர் ஃபார்ம் போட்டாச்சு. நான்தான் குறுக்கே புகுந்து, "ஆபீசர் ஆகப் படிக்கவே கவர்ன்மென்ட் செலவு பண்ணுதுடா, அதைப் பார்க்காம போறியே"ன்னு குழப்பி விட்டேன். சரி, நேர்ல ஒரு எட்டு பார்த்துட்டு வருவோம்னு கிளம்பினோம்.

ஏன் வெலிங்டன்? ஒரே சின்ன ஊருக்குள்ள அந்த ரெண்டு வழிக்கும் ஒவ்வொரு கேட் இருக்கு பாஸ்!

ஒண்ணு எம்.ஆர்.சி. மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர். 1758ல் ஆரம்பிச்ச மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு சிப்பாய்களைத் தயார் பண்ற இடம். உள்ளே போறவன் வெறும் பனியன், ஷார்ட்ஸோட போய், ஆறேழு மாசம் கழிச்சு 'வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு'ன்னு முழங்கிக்கிட்டு வெளியே வர்றான். இந்த ரெஜிமென்ட் ஆட்களுக்கு ஆர்மியில செல்லப் பேர் என்ன தெரியுமா? தம்பி! என் தம்பிக்கு இதைக் கேட்டதும் பாதி முடிவு ஆயிடுச்சு.

இன்னொண்ணு டிஃபென்ஸ் சர்வீசஸ் ஸ்டாஃப் காலேஜ். 1905ல் ஆரம்பிச்சு, பின்னாடி குவெட்டாவுக்குப் போன காலேஜின் வாரிசு. பிரிவினைக்கு அப்புறம் 1947ல் இந்தியாவுக்கான காலேஜ் இங்கே வந்தது. மேஜர் அளவில் இருக்கிற ஆபீசர்கள் மறுபடி ஸ்டூடன்ட் ஆகி நோட்ஸ் எடுக்கிற இடம். பின்னாடி ஃபீல்டு மார்ஷல் ஆன மானெக்‌ஷா இங்கே கமாண்டன்ட்டா இருந்திருக்கார். ரிட்டயர் ஆகி குன்னூர்லயே தங்கிட்டார். 2008ல் அவர் உயிர் பிரிஞ்சதும் இதே வெலிங்டன் மிலிட்டரி ஆஸ்பத்திரியில்தான்.

ரெண்டு கேட்டுக்கும் வெளியே நின்னு பார்க்கலாம், அவ்வளவுதான். கேமராவைத் தூக்கினா செக்யூரிட்டி முறைப்பார். தூக்காதீங்க. குளிரும் யூகலிப்டஸ் வாசனையும் ஃப்ரீ.

ரோட்டோர டீக்கடையில் ஒரு ரிட்டயர்டு ஹவில்தார் மாட்டினார். இவனோட முடிவெட்டைப் பார்த்ததுமே, "ரேலியா தம்பி?"ன்னு கேட்டார். பத்தாவது முடிச்சு 17 வயசுல சேர்ந்தவராம்.

"எங்க காலத்துல 15 வருஷம் ஓட்டினா பென்ஷன். கல்யாணம், வீடு எல்லாம் அதை நம்பித்தான். இவனுக்கு 4 வருஷம்தானே?" என்றார்.

ஆமாம். 2022 ஜூன்ல அறிவிச்ச அக்னிபத் திட்டத்தோட கணக்கு அதுதான். முதல் வருஷம் மாசம் 30,000. அதுல 9,000 பிடிச்சு சேவா நிதியில் போட்டுட்டு கைக்கு 21,000. நாலாவது வருஷம் சம்பளம் 40,000. பிடிச்ச அதே தொகையை கவர்ன்மென்ட்டும் போடுது. முடிவில் 10 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல, கூட வட்டி. பென்ஷன் கிடையாது. 100 பேரில் அதிகபட்சம் 25 பேரை நிரந்தரமா எடுத்துக்குவாங்க. மீதி 75 பேர், 22 வயசு வாக்கில், பையைத் தூக்கிக்கிட்டு ஊருக்கு. நம்ம கிளாஸ்ல அரியரை முடிச்சு வேலை தேடிக்கிட்டு இருக்கிற வயசு அது!

"ஆபீசர் பரீட்சை எழுதச் சொல்றேன் அங்கிள்"னேன்.

அவர் டீயை வெச்சுட்டு ஒரு விஷயம் சொன்னார். "எனக்கு 34 வயசு இருக்கும்மா. 22 வயசுப் பையன் லெப்டினன்ட்டா வந்து நின்னான். சல்யூட் அடிச்சேன். வருத்தம் இல்ல. ராத்திரி ரோந்துல அவன்தான் முன்னாடி நடந்தான். ஆனா, எனக்கு அப்படி ஒரு பரீட்சை இருக்குன்னு சொல்ல எங்க ஊர்ல ஒருத்தரும் இல்ல."

எனக்குச் சுருக்குன்னு இருந்தது. தம்பி ஊர் உடுமலைப் பக்கம். அமராவதிநகர் சைனிக் ஸ்கூலைத் தாண்டி எத்தனையோ தடவை பஸ்ல போயிருக்கான். 1962லிருந்து பசங்களை என்.டி.ஏ-வுக்குத் தயார் பண்ற ஸ்கூல். ஆறாம் கிளாஸ்ல நுழைவுத் தேர்வு எழுதியிருக்கலாம்னு அவனுக்குத் தெரிய வந்தப்போ அவன் பிளஸ் ஒன்!

இப்போ ஆபீசர் பக்கத்துக் கணக்கு. ரெண்டு ரூட். பி.டெக். படிக்க வெச்சே ஆபீசர் ஆக்குற டெக்னிக்கல் என்ட்ரிக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ்ல 60 பர்சென்ட்டோட ஜே.இ.இ. மெயின் எழுதியிருக்கணும். இவன் எழுதல. அந்தக் கதவு இந்த வருஷம் க்ளோஸ். மிச்சம் என்.டி.ஏ. மூணு வருஷம் கடக்வாஸ்லா, ஒரு வருஷம் டேராடூன். ஃபீஸ் இல்ல. டேராடூன் வருஷம் மட்டும் மாசம் 56,100 உதவித்தொகை. அதுவரைக்கும் வீட்டுக்கு ஒரு பைசா வராது, பாக்கெட் மணி வேற நாமதான் அனுப்பணும். சித்தப்பா லோடு வண்டி ஓட்டுறார். வண்டிக்கு டியூ போய்க்கிட்டிருக்கு. 21,000 எங்கே, மூணு வருஷ ஜீரோ எங்கே!

அடுத்த இடி, மொழி. 2025லிருந்து அக்னிவீர் தேர்வைத் தமிழ்லயே எழுதலாம். என்.டி.ஏ. கேள்வித்தாள் இங்கிலீஷ், இந்தி ரெண்டே ரெண்டுலதான். மேத்ஸ் 300 மார்க், ஜெனரல் எபிலிட்டி 600. அதைத் தாண்டினா 5 நாள் எஸ்.எஸ்.பி. இன்டர்வியூ, அது ஒரு 900. படத்தைக் காட்டி கதை எழுதச் சொல்வாங்க, குரூப்பா விவாதம், தடை தாண்டல்... முதல் நாளே பாதி வழியில மூட்டை கட்டினவங்க ஏராளம். இவனோ கணக்கைத் தமிழ்ல படிச்சவன். 'வகையிடல்'னா கண்ணை மூடிக்கிட்டுப் போடுவான், 'டிஃபரன்ஷியேஷன்'னா முழிப்பான். ரெண்டும் ஒண்ணுதான்டான்னு நான் சொல்லித்தான் தெரியும்!

மாசக் கணக்கு சொல்றேன்னேனே... கோர்ஸ் ஆரம்பிக்கிறப்போ 19½ தாண்டக் கூடாது. விரல் விட்டு எண்ணினா இவனுக்கு ரெண்டே சான்ஸ். வர்ற செப்டம்பர், அடுத்த ஏப்ரல்.

ரெண்டையும் எழுதலாம், தேதி மோதாது. மோதுறது எங்கேன்னா, அக்னிவீர் ஆர்டர் கைக்கு வந்துடும், என்.டி.ஏ. ரிசல்ட் இன்னும் வந்திருக்காது. அன்னிக்கு வீட்டில் எல்லாரும் இவன் மூஞ்சியைப் பார்ப்பாங்க. என்னால அதுக்கு பதில் சொல்ல முடியல. 'வெயிட் பண்ணு'ன்னு சொல்றதுக்கு எனக்கென்ன, நான் டியூ கட்டலையே.

நமக்கும் ஒரு கதவு இருக்கு ஃப்ரெண்ட்ஸ். 2024ல் 'அமரன்' பார்த்துட்டு அழுதோமே, அந்த மேஜர் முகுந்த் வரதராஜன் டிகிரி முடிச்சுட்டுத்தான் சென்னை பரங்கிமலை அகாடமிக்குப் போனார். இன்ஜினீயரிங் முடிச்சவங்களுக்கு ரிட்டன் டெஸ்ட்டே இல்லாம, மார்க் பார்த்து எஸ்.எஸ்.பி-க்குக் கூப்பிடுற என்ட்ரியும் இருக்கு. பொண்ணுங்களும் போகலாம். என்.டி.ஏ-விலேயே 2025 மே மாசம் முதல் பெண்கள் பேட்ச், 17 பேர், பாஸ் அவுட் ஆகிட்டாங்க. நான் பிளஸ் டூ படிச்சப்போ கவுன்சலிங், கட் ஆஃப் தவிர ஒருத்தரும் ஒண்ணும் பேசல. (பேசியிருந்தா மட்டும் நான் 5 மணிக்கு எழுந்து ஓடியிருப்பேனாக்கும்!)

'டிகிரி முடிச்சுட்டுப் போலாமே'ன்னு இவன்கிட்டயும் சொன்னேன். "அதுக்கு யாருக்கா ஃபீஸ் கட்டுறது?"ன்னு கேட்டான். கப்சிப்.

திரும்பும்போது காட்டேரி வந்ததும் ஜன்னல் பக்கம் கொஞ்சம் அமைதி. பக்கத்துல நஞ்சப்பசத்திரம். 2021 டிசம்பர் 8, சூலூரில் கிளம்பி வெலிங்டன் காலேஜுக்குப் பேச வந்த ஜெனரல் பிபின் ராவத்தின் ஹெலிகாப்டர் விழுந்த இடம். அதுல இருந்த 14 பேரும் நமக்கு இல்ல. ஜெனரலும் அதுல இருந்தார். நாயக்கும் லான்ஸ் நாயக்கும் அதே வண்டியில்தான் இருந்தாங்க. தம்பி ரொம்ப நேரம் வெளியே பார்த்துக்கிட்டே இருந்தான்.

மேட்டுப்பாளையம் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி திடீர்னு, "அக்கா, நீ இங்கிலீஷ் மீடியம்தானே? உன் லெவன்த், ட்வெல்த் மேத்ஸ் புக்கை எடைக்குப் போட்டுட்டியா?"ன்னான்.

"பரண் மேல இருக்குடா."

"சரி, எடுத்து வை. 1.6 கிலோமீட்டர் இன்னும் 5 நிமிஷம் 50 செகண்ட்லதான் ஓடுறேன். அஞ்சரைக்குள்ள வந்தாத்தான் முழு மார்க். காலைல ஓடிட்டு, அப்புறமா வந்து வாங்கிக்கறேன்."