அலமாரிக்குப் பூசிய சாயம்

மூத்த மகளின் நிக்காஹ் பேச்சு நடந்துகொண்டிருந்த நாட்களில், தச்சுப் பட்டறை ஒன்றிலிருந்து மெருகிடாத அலமாரியொன்றை வாங்கி வந்தோம். மாமரம். தேக்குக்குக் கை எட்டவில்லை. தேக்கு நிறச் சாயத்தை நாமே பூசிவிட்டால் மாப்பிள்ளை வீட்டாருக்கு எங்கே தெரியப்போகிறது என்று எண்ணினோம். இவ்வெண்ணத்தை இல்லாளிடங்கூடச் சொல்லவில்லை.

உப்புத்தாளால் அரைமணி நேரம் தேய்த்துவிட்டு, அன்று மாலையே சாயத்தைத் துணியில் தோய்த்துப் பூசினோம். காயக் காயத்தான் விபரீதம் புரிந்தது. மர ரேகைக்குக் குறுக்கே நாம் அவசரமாய்த் தேய்த்த கீறல் ஒவ்வொன்றிலும் சாயம் இறங்கிக் கருங்கோடாய் நின்றது. மூட்டுகளில் வழிந்து காய்ந்திருந்த பசை, சாயத்தை ஏற்காமல் தேமல்போல் வெளுத்துக் கிடந்தது. பலகைகளின் வெட்டுமுனைகளோ அளவுக்கு மேல் குடித்துக் கறுத்துவிட்டன. வெறும் மரமாய் இருந்தபோது கண்ணில் படாத குறைகளையெல்லாம், மறைக்க வாங்கிய சாயமே எடுத்துக் காட்டிற்று.

டப்பாவின் மேலிருந்த எழுத்தைப் படித்த மகள், “வாப்பா, இதைத் தேக்கு என்றா சொல்லப் போகிறீர்கள்?” என்றாள். நமக்கு நாவெழவில்லை.

மறுநாள் முதல் நான்கு நாட்கள் தேய்த்தோம். 80-ஆம் எண் தாள், பிறகு 120, பிறகு 220. எல்லாம் ரேகை ஓடும் திசையிலேயே. பசையை உளியால் சுரண்டினோம். ஈரத்துணியால் துடைத்தால் மர இழைகள் சிலிர்த்தெழும். காய்ந்தபின் அவற்றையும் தேய்க்க வேண்டும் என்று பட்டறைப் பெரியவர் சொல்லித் தந்தார். சாயத்தை விட்டொழித்து, அரை லிட்டர் ஸ்பிரிட்டில் 100 கிராம் அரக்குச் செதிலை இரவு முழுதும் ஊறவைத்து வடிகட்டினோம். பஞ்சைப் பழைய வேட்டித் துணியில் பொதிந்து, அதில் தோய்த்து மெல்லிய பூச்சுகளாய் ஏற்றினோம். புரசிலும் இலந்தையிலும் வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின், மாமரத்துக்கு இத்தகைய தேன்நிறம் தருமென்று நாம் நினைத்ததேயில்லை. (மழை நாளில் இதைப் பூசலாகாது, ஈரம் பட்டுப் பால்போல் வெளுத்துவிடும். ஸ்பிரிட் கலந்த செண்ட் சிந்தினாலும் கரையும். பெருநாள் காலையில் கவனம் தேவை.)

மாப்பிள்ளையின் தந்தையார் வந்தபோது அலமாரியைத் தடவிப் பார்த்து, தேக்கா என்று வினவினார். மாமரம் என்றோம். கீழ்த்தட்டின் மூலையில் எவ்வளவு தேய்த்தும் போகாத கருமையொன்று இருந்தது. குனிந்து அதையும் கேட்டார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னோம். கதவுக்குப் பின்னால் வளையல் ஓசை கேட்டது.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, தம் வீட்டுக் கட்டிலுக்கு எவ்வளவு அரக்கு வேண்டியிருக்கும் என்று கேட்கத் தொடங்கினார்.