அட்டையில் இருப்பது யார்?

(9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி எழுதியது)

படப்பை பஸ் ஸ்டாப் பக்கம் பெட்டிக்கடையில் கயிறு கட்டி புத்தகங்களைத் தொங்க விட்டிருப்பார்கள், பார்த்திருப்பீங்க. ஒன்று மேல ஒன்று மூடிக்கிட்டு இருக்கும். மேலே நாலு விரல் அளவுதான் வெளியே தெரியும். அதனாலதான் எந்தப் பத்திரிகையாக இருந்தாலும் பேரு உச்சியில், பெரிய எழுத்தில், சிவப்பிலோ மஞ்சளிலோ இருக்கு. கீழே போட்டால் யாருக்குத் தெரியும்? அதுக்கும் கீழே ஒரு முகம், கண்ணு நேரா நம்மையே பார்க்கிற மாதிரி. பஸ் வர்றதுக்குள்ள வாங்க வைக்கணும் இல்லையா!

ஒவ்வொரு அட்டையும் ஒரு ஆளைத்தான் கூப்பிடுது. சினிமா பிடித்தவர்களுக்கு நடிகர், நடிகை. சமையல், கோலம் பிடித்தவர்களுக்கு "இலவச இணைப்பு" என்று ஓரத்தில் ஒரு வட்டம். பக்திப் பத்திரிகைக்கு முருகன், அம்மன். இதில் ஒரு தந்திரம் இருக்கு. சாமி படம் போட்ட அட்டையை யாரும் வடை கட்டிக் கொடுக்க மாட்டாங்க. வெட்டி பூஜை அறையில் ஒட்டிடுவாங்க. எங்க பாட்டி அப்படி மூணு ஒட்டி வைத்திருக்காங்க.

அந்தக் காலத்தில் வேற மாதிரி. ஆனந்த விகடன் 1926-ல் தொடங்கியது. வாசன் அதை 1928-ல் வாங்கிய பிறகு மாலி என்ற ஓவியர் அதில் கேலிச்சித்திரங்கள் வரைந்தார். அட்டையிலேயே ஒரு ஜோக் போடுவது ரொம்ப வருஷம் அதன் வழக்கம். சிரித்துக்கொண்டே வாங்கட்டும் என்றுதான். 1947-ல் வந்த அம்புலிமாமாவை மாமா பைண்டு பண்ணி வைத்திருக்கிறார். அதன் அட்டையில் ராஜா, காடு, குதிரை என்று ஒரு முழுக்கதையே இருக்கும். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கும் அது புரியும். உள்ளே வேதாளத்தைத் தோளில் போட்டு நடக்கிற விக்கிரமாதித்தனை வரைந்தவர் சங்கர். அவர் 2020-ல் காலமானார். அந்தப் புத்தகமும் அச்சில் நின்று பத்து வருஷத்துக்கு மேல் ஆச்சு.

நமக்கு வருகிற தேன்சிட்டும் இப்படித்தான் ஆளைப் பார்த்துச் செய்தது. 2022-ல் தொடங்கினார்கள். 6 முதல் 9 வரை நமக்குத் தேன்சிட்டு, 4, 5-க்கு ஊஞ்சல், ஆசிரியர்களுக்குக் கனவு ஆசிரியர். அது கடையில் தொங்க வேண்டியதில்லை, காசும் இல்லை. ஆனால் செல்போனோடு போட்டி போடணுமே, அது கடைக்காரரோடு போட்டி போடுவதை விடக் கஷ்டம்.

இப்ப எனக்கு மனசில் உறுத்துற விஷயத்துக்கு வரேன். பெண்களுக்கான பத்திரிகைகள் பத்து எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். பத்திலும் வெள்ளை முகம். மாருதி வரைந்த பெண்கள் ரொம்ப அழகு (அவர் 2023-ல் காலமானார்), அந்தக் கண்ணை நானும் நோட்டில் வரைந்து பார்த்திருக்கேன். அந்த முகங்களும் சிவப்பாகத்தான் இருக்கும். இந்தப் பத்திரிகைகளை வாங்குவது யார்? எங்க தெருவில் எங்க சித்தி. ஒரகடம் கம்பெனிக்குக் காலை ஷிப்ட் போறவங்க. கம்பெனி பஸ்ஸில் படிக்க வாங்குவாங்க. சித்தி நல்ல கறுப்பு. அந்தப் பஸ்ஸில் பாதிப் பேர் அப்படித்தான். அவங்க காசில் அவங்க வாங்குற புத்தகத்தின் அட்டையில் அவங்க மாதிரி ஒரு ஆள் கூட இல்லை. "நம்ம மாதிரி இருந்தா நானே வாங்க மாட்டேன்டி" என்று சித்தி சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலை. ஃபேர் அண்ட் லவ்லி க்ரீம் பேரிலிருந்தே 2020-ல் "ஃபேர்" என்ற வார்த்தையை எடுத்துட்டாங்க. அட்டைகளில் இருக்கிற முகம் மட்டும் அப்படியே இருக்கு.

நம் சுவர் இதழும் அப்படித்தான். மகளிர் தினத் தாளுக்கு என் தோழி ஒரு பெண் முகம் வரைந்தாள். கலர் அடிக்க டப்பாவிலிருந்து அவள் எடுத்தது "ஸ்கின் கலர்" பென்சில். அது யாருடைய ஸ்கின் என்று கேட்டேன். அவள் தன் கையைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், பிறகு "அட்டைன்னா இப்படித்தான் போடணும்" என்றாள். இடைவேளை முழுக்க சண்டை. கடைசியில் பிரவுனும் கொஞ்சம் ஆரஞ்சும் கலந்து அடித்தோம். "என்னடி கரண்ட் போயிடுச்சா" என்று சில பேர் கிண்டல் பண்ணாங்க. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் "அது யாருக்கா, நம்ம ஊரா?" என்று கேட்டுக் கேட்டு, தாள் முன்னாடி நின்னு உள்ளே இருந்த கவிதை வரைக்கும் படிச்சாங்க.

அடுத்த தாளுக்குச் சித்தியையே வரையலாம் என்று இருக்கோம், கம்பெனி யூனிபார்மில், கையில் டிபன் பையோடு. சித்தி சம்மதிச்சாச்சு. பிரவுன் பென்சில் மட்டும் தீர்ந்து போச்சு. இருக்கிறவங்க வெள்ளிக்கிழமைக்குள் தமிழ் மிஸ்ஸிடம் கொடுக்கவும், பத்திரமாகத் திருப்பித் தருவோம்.