இரண்டாவது கீப்பரின் இருக்கை

2004 டிசம்பர் 12, யோகோஹாமா. பழைய இன்டர்காண்டினென்டல் கோப்பையின் கடைசி ஆட்டம். போர்ச்சுகலின் போர்ட்டோவும் கொலம்பியாவின் ஒன்சே கால்டாசும் கோலே இல்லாமல் கூடுதல் நேரத்துக்குள் போய்விட்டன. அப்போது போர்ட்டோ கீப்பர் விட்டோர் பாயாவுக்கு நெஞ்சுத் துடிப்பு தாறுமாறாகி, ஆட்டத்தை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. உள்ளே வந்தவர் நூனோ எஸ்பிரிட்டோ சான்டோ. கொஞ்ச நேரத்தில் பெனால்டி ஷூட்-அவுட். 8-7 என்று கோப்பை போர்ட்டோவுக்கு.

எல்லோரும் ஷூட்-அவுட்டைத்தான் பேசுவார்கள். கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பிழைக்கிற எனக்கு அதற்கு முந்தைய நூறு நிமிடம்தான் சங்கதி. பெஞ்சில் இருக்கும் ஃபார்வர்டுக்கு அறுபதாவது நிமிடத்தில் கோச் தன் பக்கம் திரும்புவார் என்று ஒரு கணக்கு உண்டு. இரண்டாவது கீப்பருக்கு அப்படி எந்தக் கணக்கும் கிடையாது. முதல் கீப்பருக்கு அடிபட வேண்டும், அல்லது சிவப்பு அட்டை விழ வேண்டும். கூட்டாளிக்குக் கெட்டது நடந்தால்தான் தனக்கு வாய்ப்பு. அதற்கு ஆசைப்படவும் கூடாது, அது வந்தால் தயாராகவும் இருக்க வேண்டும். இந்த மனநிலையை எந்தப் பயிற்சியாலும் ஊட்ட முடியாது. கை சில்லிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம், அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. ஆட்டத்துக்கு முன் வார்ம்-அப்பில் முதல் கீப்பருக்குப் பந்து அடித்துக் கொடுப்பது பெரும்பாலும் இரண்டாவது கீப்பர்தான். அவர் கை சூடாகிற மாதிரி அடிக்க வேண்டும். நம்பிக்கை குலைகிற மாதிரி அடித்துவிடக் கூடாது. இன்று அவருக்கு இடப்பக்கம் இறங்குவதில் தயக்கம் இருக்கிறதா என்பது நாலு பந்தில் தெரிந்துவிடும். தெரிந்ததை எப்போது சொல்வது, சொல்லலாமா என்பது அடுத்த கேள்வி. பூட்ஸைக் கழற்றுவதற்கு முன்பே கோச் வேலை தொடங்கிவிடுகிறது.

நூனோவின் ஆட்ட வாழ்க்கை பெரும்பாலும் இந்த இருக்கையில்தான் கழிந்தது. 1974-இல் சாவோ டோமேயில் பிறந்தவர். கிமரேஸ் ஊரின் விட்டோரியாவில் ஆடி, 1997-இல் ஸ்பெயினின் டெப்போர்ட்டிவோவுக்குப் போனார். பின்னாளில் கால்பந்து உலகையே கையில் வைத்திருந்த ஏஜென்ட் ஜோர்ஜ் மென்டெஸின் முதல் பெரிய வியாபாரம் அதுதான். பிறகு மொரீன்யோவின் போர்ட்டோ. 2003-இல் யூஃபா கோப்பை, 2004-இல் சாம்பியன்ஸ் லீக். இரண்டிலும் கோலில் நின்றவர் பாயா. 2003-இல் போர்ச்சுகல் கோப்பையில் வர்சிமை 7-0 என்று போர்ட்டோ நொறுக்கியபோது ஒரு பெனால்டியை நூனோவை அடிக்கவிட்டார்கள், கோலும் போட்டார். 2008 யூரோவுக்கு முன் கீப்பர் கிம் காயப்பட்டதால் தேசிய அணிக்கு அழைத்தார்கள். அங்கேயும் பெஞ்ச்தான். சீனியர் அணிக்காக ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

கோச் சான்றிதழ் வாங்க அவர் போனது ஸ்காட்லாந்தின் லார்க்ஸ் என்ற கடலோர ஊருக்கு. அங்கே அறிமுகமான இயன் காத்ரோ என்ற இளைஞரைப் பின்னால் உதவியாளராக வைத்துக்கொண்டார். 2010-இல் ஆட்டத்தை விட்டபின், ஜெசுவால்டோ ஃபெரெய்ராவிடம் மலாகாவிலும் பனாதினாய்கோசிலும் கீப்பர் கோச். 2012-இல் தலைமைப் பொறுப்பில் போர்ச்சுகலின் ரியோ ஆவே. சின்ன கிளப், 2013-14-இல் உள்நாட்டுக் கோப்பை இரண்டிலும் இறுதி ஆட்டத்துக்கு வந்து, இரண்டையும் பென்ஃபிகாவிடம் தோற்றது. வலென்சியா, மறுபடி போர்ட்டோ என்று சுற்றிவிட்டு 2017-இல் இங்கிலாந்தின் வுல்வ்ஸுக்கு வந்தார்.

வுல்வ்ஸில் அவர் செய்த ஒரு காரியத்தில் கீப்பரின் மூளை தெரிகிறது. கானர் கோடி மிட்ஃபீல்டர். நூனோ அவரை மூன்று டிஃபெண்டர்களில் நடு ஆளாகப் பின்னால் இழுத்து நிறுத்தினார். கோடியிடம் நீளமான பாஸ் இருந்தது என்று காரணம் சொல்வார்கள், சரிதான். எனக்கு அதைவிட அவருடைய வாய்தான் காரணமாகப் படுகிறது. 2020-இல் ரசிகர்கள் இல்லாத மைதானங்களில் ஆட்டம் நடந்தபோது, டிவியில் தொண்ணூறு நிமிடமும் கோடியின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. கீப்பரின் கத்தல் பதினைந்து கெஜம் தாண்டினால் பாதிதான் போய்ச் சேரும். அதை வாங்கி முன்னால் கடத்த ஒரு ஆள் வேண்டும். பின்னாலிருந்து மொத்த மைதானத்தையும் பார்த்தவனுக்குத்தான் இந்தத் தேவை எரிச்சலாகவே உறைத்திருக்கும். முதல் சீசனில் 99 புள்ளியோடு இரண்டாம் நிலை லீக்கான சாம்பியன்ஷிப்பை வென்று பிரீமியர் லீக்குக்கு ஏறினார்கள். அடுத்த இரண்டு சீசனும் ஏழாம் இடம்.

அவர் கையில் எப்போதும் ஆள் குறைவான அணிதான். 2018 ஆகஸ்டில் தொடங்கிய லீக்கில் அக்டோபர் வரை அதே பதினொரு பேரை இறக்கிக்கொண்டிருந்தார். பெஞ்சிலேயே கிடந்தவர் பெஞ்சை நீளமாக வைத்துக்கொள்வார், எல்லோருக்கும் வாய்ப்பு தருவார் என்றுதான் நினைப்போம். என் ஊகம் நேர் எதிர். ஆடாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவர் திங்கட்கிழமைப் பயிற்சிக்கு எந்த முகத்தோடு வருவார் என்பது நூனோவுக்குத் தெரியும். அப்படிப் பத்து முகங்களைச் சமாளிப்பதைவிட, ஆட்களைக் குறைத்து வைத்துக்கொள்வதே மேல்.

இந்த மூளைக்கு ஒரு குறையும் உண்டு. கீப்பரின் பயமெல்லாம் முதுகுக்குப் பின்னால் இருக்கும் இடத்தைப் பற்றியது. 2021-இல் டாட்டன்ஹாமில் முதல் மூன்று லீக் ஆட்டங்களையும் 1-0 என்றே ஜெயித்தார். முதல் வெற்றி மான்செஸ்டர் சிட்டி மேல். பத்து ஆட்டம் முடிந்தபோது ஐந்து வெற்றி, ஐந்து தோல்வி. அந்தத் தோல்விகளில் நான்கில் மூன்று கோல் வாங்கியிருந்தது அணி. அந்த ஆட்டங்களில் முதல் கோலைக் கொடுத்தபின் துரத்திப் பிடிக்க அணிக்கு வழி தெரியவில்லை. மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராகப் பின்தங்கியிருந்தபோது லூகாஸ் மோராவை வெளியே எடுத்ததும் சொந்த ரசிகர்களே கூச்சல் போட்டார்கள். நவம்பர் 1-ஆம் தேதி வேலை போயிற்று. பிறகு சவுதியில் அல்-இத்திஹாதுக்கு லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார். அதைப் பற்றி எழுத எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை.

இடையில் ஒரு வேடிக்கை. 2020 யூரோப்பா லீக் காலிறுதி, டூயிஸ்பர்கில் வுல்வ்ஸும் செவில்லாவும். செவில்லாவின் கோச் யூலென் லோபெடெகி. ரியல் மாட்ரிட்டிலும் பார்சிலோனாவிலும் பெஞ்சில் நாள் கடத்திய கீப்பர். இரண்டு முன்னாள் மாற்றுக் கீப்பர்கள் கோட்டுக்கு வெளியே நிற்க, ரவுல் ஹிமெனெஸின் பெனால்டியைச் செவில்லாவின் கீப்பர் போனோ தடுத்தார். 88-ஆவது நிமிடம் ஒகாம்போஸ் தலையால் முட்டிய ஒரே கோலில் செவில்லா ஜெயித்து, கோப்பையையும் தூக்கியது. போர்ட்டோ, வுல்வ்ஸ், வெஸ்ட் ஹாம் மூன்றிலுமே இந்த இருவரும் வெவ்வேறு காலங்களில் கோச்.

2023 டிசம்பரில் நூனோ நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு வந்தார். நாலு புள்ளி அபராதத்தோடு அந்த சீசனை 17-ஆம் இடத்தில் முடித்த அணி, அடுத்த சீசனில் 65 புள்ளியோடு ஏழாவது. கீப்பர் மாட்ஸ் செல்ஸ் 13 ஆட்டங்களில் கோல் வாங்காமல், ஆர்சனலின் ராயாவோடு தங்கக் கையுறையைப் பகிர்ந்துகொண்டார். 2025 செப்டம்பரில் நூனோவை அனுப்பிவிட்டார்கள் என்பது வேறு கதை.

பயிற்சி வகுப்பில் நான் போட்டுக் காட்டுவது 2024 செப்டம்பரில் ஆன்ஃபீல்டில் லிவர்பூலை ஃபாரஸ்ட் 1-0 என்று ஜெயித்த ஆட்டம். 1969-க்குப் பிறகு அவர்களுக்கு அங்கே கிடைத்த முதல் வெற்றி. ஃபாரஸ்டின் டிஃபெண்டர்கள் முரிலோவும் மிலென்கோவிச்சும் பாக்ஸுக்குள் எங்கே நிற்கிறார்கள், கிராஸ் வரும்போது யார் பந்துக்குப் போகிறார், செல்ஸ் எப்போது லைனை விட்டு வராமல் இருக்கிறார் என்று நிறுத்தி நிறுத்திக் காட்டுவேன். பையன்களுக்குப் பொறுமை போய்விடும். "சார், ஹட்சன்-ஒடோய் கோலைப் போடுங்க சார்" என்பார்கள். அதை வீட்டில் போனில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, பந்து மறுபடி லிவர்பூல் காலுக்குப் போன இடத்திலிருந்து ஓட விடுவேன்.