கடலுக்கு நடந்து போகும் வழி

திருகோணமலையைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அதன் துறைமுகத்தைப் பற்றியே எழுதுவார்கள். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்பார்கள். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரான்சியரும் ஆங்கிலேயரும் அதற்காக அடிபட்ட கதையைச் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது அவ்வளவு பெரிய விடயமல்ல. இந்த நகரத்தில் ஒரு பெண் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, காசு செலவில்லாமல், பயமில்லாமல் எவ்வளவு தூரம் நடக்கலாம்? அதைத்தான் நடந்து பார்த்தேன்.

என்னுடன் மூன்று பெண்கள் வந்திருந்தார்கள். எல்லோரும் கொட்டியாரக் குடாவுக்கு அக்கரையிலிருந்து கந்தோர் அலுவலாக நகரத்துக்கு வந்தவர்கள். அவர்களில் மூத்தவரான அக்கா சம்பூரைச் சேர்ந்தவர். 2006இல் ஊரைவிட்டு வெளிக்கிட்டு, மட்டக்களப்பில் முகாம், பிறகு கிளிவெட்டியில் முகாம் என்று அலைந்து, 2015க்குப் பிறகே சொந்தக் காணியைக் கண்டவர். அலுவல் பன்னிரண்டு மணிக்கே முடிந்துவிட்டது. பஸ்ஸுக்கு நான்கு மணிவரை இருக்கவேண்டும். கடைக்குள் இருந்தால் எதையாவது வாங்கவேண்டும். பஸ் நிலையத்தில் இருந்தால் வெக்கை. "நடப்பம், தங்கச்சி. நடக்கிறதுக்குக் காசு கேக்கமாட்டினம்தானே" என்றார் அக்கா.

இரண்டு கடலுக்கு நடுவே

திருகோணமலை நகரம் ஒடுங்கிய நிலத்தில் இருக்கிறது. கிழக்கே திறந்த கடல், மேற்கே மலைகள் சூழ்ந்த உட்துறைமுகம். ஆறுதலாக நடந்தாலும் ஒரு கடலிலிருந்து மற்றக் கடலுக்கு அரை மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். இப்படியொரு வசதி இலங்கையில் வேறு எத்தனை நகரங்களுக்கு வாய்த்திருக்கிறது? கோவில், தேவாலயம், பள்ளிவாசல், விகாரை, பாடசாலை, சந்தை எல்லாமே கால்நடைத் தூரத்தில் அமைந்த ஊர் இது. நடப்பவர்களுக்காகவே அமைந்த நகரம் என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் வீதிகளில் நடப்பவருக்கு இடம் குறைவு. பல இடங்களில் நடைபாதையே இல்லை. இருக்கும் இடங்களில் மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன, கடைச் சாமான்கள் அடுக்கியிருக்கின்றன. கானை மூடிய கொங்கிரீட் பலகை உடைந்த இடத்தில் வீதிக்கு இறங்கித்தான் நடக்கவேண்டும். எங்களுடன் வந்த ஒருவருக்குச் செயற்கைக் கால். அவர் ஒவ்வோர் உடைந்த பலகையிலும் நின்று, பார்த்து, எங்கள் தோளைப் பிடித்து இறங்கினார். நல்ல காலுள்ளவர் ஒரு தாவலில் கடக்கும் கான் அவருக்கு ஒரு சோதனை. போருக்குப் பின் இந்த மாவட்டத்தில் ஊன்றுகோலுடனும் செயற்கைக் காலுடனும் நடப்பவர்கள் எத்தனை பேர்! நடைபாதை அவர்களுக்கு அழகுக்கான விடயமல்ல.

மான்களும் மரங்களும்

கோட்டைப் பக்கம் திரும்பியதும் நிழல் தொடங்கியது. கோட்டை முன்னாலுள்ள மைதானப் பக்கத்தில் புள்ளிமான்கள் படுத்திருந்தன. இவை கோட்டைக்குள் வாழும் மான்கள். காலையும் மாலையும் நகரத் தெருக்களுக்கும் வந்துபோகும். இளையவரின் கையிலிருந்த பையை ஒரு மான் முகர்ந்து பார்த்தது. மூவரும் சிறுபிள்ளைகள்போலச் சிரித்தார்கள். ஆனால் இந்த மான்கள் புல்லோடு பொலித்தீனையும் தின்கின்றன. குப்பையைத் தின்று மான்கள் இறந்த செய்திகள் பலமுறை வந்திருக்கின்றன. நகரத்துக்குள் மேய இடம் குறையக் குறைய அவை குப்பைத் தொட்டியைத் தேடிப் போகின்றன. பசுமை குறைந்தால் முதலில் தெரிவது வாயில்லாச் சீவன்களுக்குத்தான்.

கோணேசர் கோவிலை 1620களில் போர்த்துக்கேயர் இடித்து, அந்தக் கற்களைக்கொண்டே கோட்டையைக் கட்டினார்கள். ஆங்கிலேயர் காலத்தில் அதற்குப் பிரெட்றிக் கோட்டை என்று பெயர் வந்தது. இன்றும் அதற்குள் இராணுவ முகாம் உண்டு. வாசலைத் தாண்டும்போது அக்கா அடையாள அட்டையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார். ஒருவரும் கேட்கவில்லை. ஆனாலும் மேலே போகும்வரை அவர் அதைப் பைக்குள் வைக்கவில்லை. கை பழகியதை மனம் இலகுவில் விடுவதில்லை, சகோதரிகளே. கோவிலுக்கு ஏறும் வழியில் பெரிய மரங்கள் நிற்கின்றன. வெயிலில் வந்த எங்களுக்கு அந்த நிழல் ஒரு செம்பு தண்ணீர் குடித்தமாதிரி இருந்தது. கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் மரமில்லாத தார் வீதியில் நடந்தவருக்கு இதன் அருமை தெரியும்.

கடற்கரையில் ஒரு நினைவு

மலையிலிருந்து இறங்கி டச்சுக் குடாக் கடற்கரைக்கு வந்தோம். மாலையானால் இங்கே குடும்பங்கள் வரும். பிள்ளைகள் அலையில் கால் நனைப்பார்கள். கச்சான், வடை, ஐஸ்கிறீம் விற்பவர்கள் வருவார்கள். தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள் ஒரே மணலில் இருப்பதை இங்கே காணலாம்.

இதே கடற்கரையில், காந்தி சிலைக்கு அருகில், 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களும் மற்றப் பிள்ளைகளைப்போல மாலை நேரத்தில் கடற்கரைக்கு வந்தவர்கள்தான். அந்த வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் சாட்சியங்கள் போதாதென்று 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டார்கள். பெற்றோர் நீதிக்காகக் காத்திருந்த ஆண்டுகளை யார் திருப்பித் தருவது?

அதற்கு முன் 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தது. பிறகு கடற்கரையோரம் வீடு கட்டக்கூடாத எல்லை என்று வடக்கு கிழக்கில் 200 மீற்றரும், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றரும் அறிவிக்கப்பட்டது. அந்த எல்லை பின்னர் தளர்த்தப்பட்டது. ஆனால் அந்த இடைக்காலத்தில் கரைவலைக் குடும்பங்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். கடலோரம் யாருக்கு என்ற கேள்வி அன்றே எழுந்தது.

அக்கா மணலில் இருக்கவில்லை. நின்றுகொண்டே கடலைப் பார்த்தார். "முந்தி லோஞ்சில வந்து இறங்கினா, இஞ்சால வந்து காத்து வாங்கிப்போட்டுத்தான் சந்தைக்குப் போவம். அவரும் வருவார்" என்றார். கொஞ்ச நேரத்தின்பின், "ஒரு வாங்கு இருந்தா இருப்பன். மணலில இருந்தா எழும்ப ஏலாது" என்றார். நினைவுகளோடு வருபவருக்கும் இருக்க ஓரிடம் வேண்டும். இருட்டியபின் வெளிச்சமும், பக்கத்தில் சுத்தமான மலசலகூடமும் வேண்டும். மலசலகூடம் இல்லாத கடற்கரையில் ஆண்கள் எவ்வளவு நேரமும் இருப்பார்கள். பெண்கள் ஒரு மணித்தியாலத்தில் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். இதை வரைபடம் கீறுபவர்கள் நினைத்துப் பார்ப்பதுண்டா?

திட்டங்கள் பெரிது

கடைசியாக உட்துறைமுகப் பக்கம் நடந்தோம். அங்கே அலையில்லை. குளத்தைப்போலக் கிடக்கும் கடலுக்கு அப்பால் மலைகள் தெரிகின்றன. கரையின் பெரும்பகுதி கடற்படைக்கும் துறைமுகத்துக்கும் உரியது. மிஞ்சிய கரையோரத்தில் நடக்கும்போது மனதுக்கு இதமாக இருக்கிறது.

இந்தத் துறைமுகத்துக்கான திட்டங்கள் எல்லாம் பெரியவை. 2010களின் பிற்பகுதியில் சிங்கப்பூர் நிறுவனமொன்று திருகோணமலைக்குப் பெருந்திட்டம் வரைந்தது. சீனக்குடாவிலுள்ள, ஆங்கிலேயர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் பற்றி 2022 ஜனவரியில் இந்திய நிறுவனத்துடன் உடன்படிக்கை ஆனது. திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவதற்கு 2025 ஏப்ரலில் இலங்கையும் இந்தியாவும் ஐக்கிய அரபு இராச்சியமும் ஒப்பமிட்டன. வேலைவாய்ப்பு வந்தால் எங்கள் பிள்ளைகளுக்கு நல்லதுதான். ஆனால் தாங்கிகளையும் இறங்குதுறைகளையும் எண்ணுகிறவர்கள் நிழல்மரங்களையும் வாங்குகளையும் எண்ணவேண்டும். அவற்றை எண்ணும்படி கேட்பவர்கள் யார்?

அகதியாய் வந்த ஒரு மேயர்

அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலத்தில் கிரீன்வில் என்ற நடுத்தர நகரம் இருக்கிறது. நெசவாலைகளால் வளர்ந்த ஊர். காலப்போக்கில் கடைகள் எல்லாம் நகருக்கு வெளியே போய்விட, நடுநகரம் வெறிச்சோடியது. 1971இல் அங்கே மேயரானவர் மக்ஸ் ஹெலர் என்ற யூதர். 1938இல் ஹிட்லரின் ஆட்சிக்குத் தப்பி ஒஸ்திரியாவின் வியன்னா நகரிலிருந்து அகதியாக வந்தவர். அவர் வருவதற்கு வழி செய்தது முன்னர் வியன்னாவுக்குச் சுற்றுலா சென்றிருந்த கிரீன்வில் இளம்பெண் ஒருவர். வந்ததும் சட்டைத் தொழிற்சாலையில் தரை கூட்டினார்.

அந்த அகதி மேயரானபின், நான்கு வாகன வரிசைகள் ஓடிய பிரதான வீதியை இரண்டாகக் குறைத்து, மிச்ச இடத்தை நடப்பவர்களுக்கும் மரங்களுக்கும் கொடுக்க வழிசெய்தார். அந்த நகரத்தின் நடுவே ஓர் ஆற்று நீர்வீழ்ச்சி உண்டு. அதை வாகனப் பாலமொன்று மறைத்திருந்தது. குப்பை நிறைந்து கிடந்த அந்த ஆற்றங்கரையை 1967இலேயே துப்புரவாக்கத் தொடங்கியது ஒரு பெண்கள் தோட்டச் சங்கம். 2002இல் அந்தப் பாலமே அகற்றப்பட்டது. 2004இல் நடப்பவர்களுக்கு மட்டுமான பாலமும் பூங்காவும் திறக்கப்பட்டன.

இதில் எமக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. நகரம் அழகானபின் வாடகையும் காணி விலையும் ஏறின. அருகில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் பல ஒதுங்கிப் போகவேண்டி வந்தது. கடற்கரை அழகாகும்போது கச்சான் விற்கும் பெண்ணும் கரைவலைக் குடும்பமும் அங்கேயே இருக்கவேண்டும் என்பதை முதலே எழுத்தில் கேட்டுக்கொள்ளவேண்டும்.

எங்கள் நாட்டிலும் ஒரு முன்மாதிரி உண்டு. கொழும்புக் காலிமுகத்திடலின் நடைவழியை 1859இல் கட்டி முடித்த தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நன்மைக்காக அதைத் தனக்குப் பின் வருபவர்களிடம் ஒப்படைப்பதாகக் கல்லில் பொறிக்கச் செய்தார். பிள்ளைகளும் பெண்களும் உலாவ ஒரு கடற்கரை வேண்டும் என்பது இந்த நாட்டுக்குப் புதிய எண்ணமல்ல.

நாம் செய்யக்கூடியவை

சகோதரிகளே, எம்மால் என்ன முடியும் என்று நினைக்கவேண்டாம். நடைபாதையும் கானும் பூங்காவும் பெரும்பாலும் உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பிலேயே உள்ளன. 2018 பெப்ரவரித் தேர்தலிலிருந்து அந்த மன்றங்களில் 25 வீத இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. உங்கள் மன்றத்தின் பெண் உறுப்பினர் யாரென்று விசாரித்து, மாதர் சங்கத்துக்கு அழையுங்கள். முடிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் அந்த வீதியில் நடவுங்கள். உடைந்த பலகை எது, இருட்டான இடம் எது, மரம் நடக்கூடிய இடம் எது என்று எழுதிக் கொடுங்கள்.

உங்கள் ஊருக்கு என்ன திட்டம் வருகிறது என்று கேட்கவும் உரிமை உண்டு. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, இலங்கைப் பிரசை எவரும் அரச அலுவலகத்திலுள்ள தகவல் உத்தியோகத்தரிடம் விண்ணப்பிக்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்லவேண்டும். எழுத முடியாதவர் வாயால் கேட்டாலும், அதை எழுத்தில் கொண்டுவர உத்தியோகத்தர் உதவவேண்டும். காரணம் சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

ஓடியோடிக் களைத்த கால்கள் எங்களுடையவை. முகாமிலிருந்து முகாமுக்கும், கந்தோரிலிருந்து கந்தோருக்கும் நடந்திருக்கிறோம். ஒரு தேவையுமில்லாமல், காற்று வாங்குவதற்காக மட்டும் நடந்தது எப்போது என்று கேட்டால் எம்மில் பலருக்குப் பதில் வராது. கடன் கட்டவும் கையெழுத்து வைக்கவும் தவிர வேறெதற்கும் ஒரு பெண் வெளியே வர இயலாத நகரத்தை மீண்ட நகரம் என்று சொல்லலாமா? நிழலும் இருக்க இடமும் வெளிச்சமும் கேட்பது ஆடம்பரமல்ல. கேட்போம், சேர்ந்து கேட்போம்.