எஞ்சிய பாதி

எந்த நூலுக்கும் பொருந்தும் முன்னுரையாக நன்னூலின் தொடக்கத்தில் அமைந்த பொதுப்பாயிரம், கல்வியைப் பங்கு போட்டுக் காட்டுகிறது: ஆசிரியர் சொல்வதை எவ்வளவு ஊன்றிக் கேட்டாலும் கால் பங்கே வாய்க்கும், உடன் பயில்வோரோடு பழகி உசாவுவதால் இன்னொரு கால் பங்கு சேரும், எஞ்சிய பாதி பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் கைகூடும். கோலார்ப் பகுதியோடு தொடர்புடைய கங்க மரபினனான சீயகங்கனின் வேண்டுகோளால் எழுந்த இலக்கணத்தின் இந்தக் கணக்கு, கோலாருக்கு அருகிலுள்ள பெங்களூரின் இலக்கிய வகுப்புகளுக்கும் பொருந்துகிறது. ஆனால் கேட்டதைத் திருப்பிச் சொல்லும் மாணவரைக் கிளிக்கு ஒப்பிட்டு நன்னூல் இடைத்தரத்தில் நிறுத்திவிடுவதால் (இன்றைய தேர்வு முறை அவருக்கே முதலிடம் தரும்), அந்தப் பாதியை ஆசிரியருக்குத் தரவல்லவர் வேறொருவராகவே இருக்க வேண்டும்.

மைசூரில் கன்னட எழுத்தாளர் குவெம்புவிடம் பயின்ற கவிஞர் ஜி. எஸ். சிவருத்ரப்பா 1966-ல் பெங்களூர்ப் பல்கலைக்கழகத்துக்குக் கன்னடப் பேராசிரியராக வந்தார். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கன்னடத்தில் எழுந்த மறுமலர்ச்சியாகிய நவோதய மரபில் ஊறியவர் அவர். அழகியலை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். அவருடைய துறையில் 1970களில் பயின்றவர்களுள் சித்தலிங்கையாவும் டி. ஆர். நாகராஜும் இருந்தனர். முன்னவர் பெங்களூரின் குடிசைப் பகுதியில் வளர்ந்தவர். பின்னவர் தொட்டபள்ளாபுரத்து நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர்.

இத்தகையோர் அமர்ந்திருக்கும் வகுப்பில், 941-ல் இயற்றப்பட்டதாகக் கொள்ளப்படும் கன்னடக் கவிஞர் பம்பனின் பாரதக் காவியத்தை நடத்துவது எளிதன்று. சபையில் கர்ணனின் குலம் கேள்விக்குள்ளாகும் இடத்தை, இலக்கியம் எழுப்பும் உணர்வுகளை வகைப்படுத்தும் சுவைக் கோட்பாட்டின்படி வீரச்சுவைக்குச் சான்றாகச் சொல்லி ஆசிரியர் கடந்துவிடலாம். குலத்தின் பெயரால் வாசலில் நிறுத்தப்பட்ட அனுபவமுள்ள மாணவரோ கேள்வி கேட்டவர்களின் முகத்தையும் கேட்டுக்கொண்டிருந்தவர்களின் மௌனத்தையும் கவனிப்பார். பலமுறை நடத்திய பகுதி ஆசிரியருக்கு முதன்முறையாகப் புரிவது அப்போதுதான். சம்பளத்திலும் பாராட்டிலும் சேராத இந்த ஊதியம், அவருடைய பழைய குறிப்பேட்டைப் பயனற்றதாக்கிவிட்டே வருகிறது என்பதால் எல்லா ஆசிரியர்களும் அதை விரும்புவதில்லை.

சித்தலிங்கையாவின் முதல் தொகுப்பான 'ஹொலெமாதிகர ஹாடு', தலித் சமூகங்களான ஹொலெயர், மாதிகர் ஆகியோரின் பாட்டு என்ற பொருளிலான பெயரோடு 1975-ல் வெளிவந்தபோது அவருக்கு வயது இருபத்தொன்று. ஆசிரியரின் மென்மையான நடையை அதில் தேடுவது வீண். பின்னர் அவர் முனைவர் பட்டத்துக்குக் கிராம தேவதைகளை ஆராய்ந்தார். பாவண்ணன் மொழிபெயர்த்த அவருடைய தன்வரலாறான 'ஊரும் சேரியும்' வழியாகத் தமிழ் வாசகர்களும் அவரை அறிவார்கள்.

நன்னூல் சொல்லும் உடன் பயில்வோரின் கால் பங்கும் இங்கே வீண்போகவில்லை. அதே பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகிவிட்ட நாகராஜ், 1993-ல் வெளியான 'தி ஃபிளேமிங் ஃபீட்' நூலில், நண்பர் சித்தலிங்கையா பங்கேற்ற தலித் இயக்கத்தையே விசாரணைக்கு எடுத்துக்கொண்டு, சினம் மட்டுமே மூலதனமானால் அம்மக்களின் தெய்வங்களும் கதைகளும் கலைகளும் என்னவாகும் என்ற கேள்வியை எழுப்பினார்.